தாய் மரத்துல இருந்தே ஆரம்பிக்கணும்

நோய், பூச்சி இல்லைன்னு சர்டிபிகேட் உள்ள செஸ்ட்நட் (கொட்டைக்காக வளர்க்கிற மரம்) கன்னு விலை ஜாஸ்தி, அது அவசியமான்னு கட்டுரைல கேட்டிருக்கீங்க. கண்டிப்பா அவசியம்ங்க. கன்னு பாக்க பச்சைப்பசேல்னு இருக்கும் ஆனா மரத்துல முடிச்சு முடிச்சா வீக்கம் உண்டாக்குற ஒரு சின்ன குளவி மொட்டுக்குள்ள முட்டை வச்சிட்டு போயிருக்கும், புழு குளிர்காலம் முழுக்க உள்ளயே இருந்துட்டு துளிர் விடும்போதுதான் வீக்கமா வெளிய தெரியும், அதுக்குள்ள கன்னு வித்து நட்டும் முடிஞ்சிருக்கும். 2002ல இத்தாலில கண்டுபிடிச்ச குளவி ஐரோப்பா பூரா பரவுனதுக்கு ஒட்டுக்குச்சியும் (ஒட்டு கட்ட வெட்டி எடுக்குற குச்சி) கன்னும் ஊர் ஊரா போனது ஒரு பெரிய காரணம். செஸ்ட்நட்டுக்கு வர்ற மொசைக் வைரஸ் நோயும் அப்படித்தான், தாய் மரத்துல இருந்தா அதுல எடுக்குற ஒட்டு வழியா பரவிடும். அதனால தாய் மரத்தை டெஸ்ட் பண்ணி, பூச்சி புகாத வலைக்குள்ள தனியா வளர்க்கிறதுதான் முக்கியமான வேலையே.

நர்சரிக்காரங்க தொட்டி மண்ணையும் பாருங்க. வேரை அழுக வைக்கிற பைட்டோப்தோரா தேங்குன தண்ணில வேகமா பரவும், தொட்டியை தரையில வைக்காம மேடை போட்டு வைங்க.

அமெரிக்கால 1904ல நியூயார்க்ல பார்த்த செஸ்ட்நட் பட்டை நோய் ஆசியால இருந்து வந்த கன்னுங்களோட வந்ததுதான், அம்பது வருஷத்துல முன்னூறு நானூறு கோடி செஸ்ட்நட் மரம் போச்சு. நெனச்சாலே மனசு கனக்குது.