ஒரே தாவலில் போகிற தூரத்தை நடந்தே போனவன்

"எபிக் ஃபேன்டஸி எல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம். ஆசியாக்காரனுக்கு அது இங்கிலீஷ் வழியாகத்தான் வந்தது." போன வாரம் கோப்பிக் கடையில் ஒரு நண்பர் இப்படிச் சொன்னார். அங்கேயே பதில் சொல்லிவிட்டேன். ஆனாலும் மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வளர்ந்தது மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு சீனப் புதுக்கிராமத்தில். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயர் மலாயாவில் அறிவித்த அவசரகாலத்தில் முள்வேலி போட்டுச் சீனர்களைக் குடிவைத்த ஊர்களில் அதுவும் ஒன்று. எங்கள் தெருவில் தமிழ் வீடு எங்களுடையது மட்டும்தான். அப்பா லாரி ஓட்டினார், அம்மாவுக்குத் தொழிற்சாலை வேலை. பள்ளி விட்டதும் நானும் தம்பியும் நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவோம். அந்த வீட்டுப் பாட்டி எங்களுக்குப் 'போபோ'. கான்டனீஸ் என்ற சீன மொழியில் அம்மாவைப் பெற்றவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மலாய் ஒழுங்காக வருவதற்கு முன்பே எனக்குக் கான்டனீஸ் வந்துவிட்டது.

போபோ வீட்டு ஹாலில் ஒரு பக்கம் சிவப்புச் சாமி மாடம், ஊதுபத்தி, தட்டில் ஆரஞ்சு. எதிர்ப் பக்கம் டிவி. ஹாங்காங் தொடர்கள் வீடியோ டேப்பில் வாடகைக்குக் கிடைத்த காலம் அது. ஹாங்காங் நாவலாசிரியர் ஜின் யோங்கின் கழுகு வீரர்கள் கதை 1983-இல் தொடராக வந்தது, மொத்தம் 59 பாகம். அந்தக் கதை 1957-இலிருந்து ஹாங்காங் நாளிதழ் ஒன்றில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. 'கல்கி' வரும் நாளுக்காக நம் பாட்டிகள் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்களே, அதே மாதிரி அங்கேயும் ஒரு தலைமுறை காத்திருந்தது.

கதாநாயகன் க்வொக் சிங் புத்தி மெதுவான பையன். மற்றவர்கள் ஒரு நாளில் கற்பதை அவன் பத்து நாள் போட்டுக் கற்பான், ஆனால் கற்றதை விடமாட்டான். வளர்ந்தது மங்கோலியப் புல்வெளியில், செங்கிஸ்கானின் நிழலில். ஒரு நாள் அதே கான், அவனுடைய தாய்நாடான சோங் மீது படையெடுக்கச் சொல்கிறான். மகன் தன்னால் கட்டுப்பட்டு நிற்கக்கூடாது என்று தாய் அங்கேயே தன்னைக் குத்திக்கொண்டு சாகிறாள். அந்தக் காட்சியின்போது போபோ கச்சான் கடலை உரிப்பதை நிறுத்திவிட்டார். டேப் முடிந்து திரை நீலமான பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை.

அந்த வீரர்கள் உலவும் உலகத்துக்குக் கான்டனீஸில் 'கோங்வூ' என்று பேர். நேர்ப்பொருள் ஆறும் ஏரியும். அரசன் சட்டம் எட்டாத இடம். குருவின் சொல், கொடுத்த வாக்கு, தீர்க்க வேண்டிய பழி, இவைதான் அங்கே சட்டம். ஏழு வயதில் எனக்கு அந்த உலகத்தின் மலையும் மடமும் பள்ளிக்குப் போகிற வழி மாதிரி பழக்கமாகிவிட்டது.

இன்னொரு சீனக் கதை குரங்கு ராஜாவுடையது. இந்தியாவிலிருந்து பௌத்த ஏடுகள் கொண்டுவரப் புறப்பட்ட ஒரு துறவிக்குச் சீடனாகப் போகும் மாயக் குரங்கு அவன். அந்தக் கதைக்கு டேப் தேவைப்படவில்லை. போபோ சொல்லுவார். அவன் கையில் இருக்கும் இரும்புத் தடியின் எடை 13,500 காத்தி. காத்தி என்பது மார்க்கெட்டில் மீன்காரர் நிறுத்த அதே காத்தி, ஏறக்குறைய அறுநூறு கிராம்! நானும் தம்பியும் தினமும் பார்த்த தராசு. அப்படிப் பார்த்தால் எட்டு டன்னுக்கு மேல், அப்பா லாரியில் ஏற்றினால் லாரி தாங்குமா என்று நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம். அவ்வளவு கனத்தையும் ஊசியாகச் சுருக்கிக் காதுக்குள் வைத்துக்கொள்வான்.

பதினான்கு வயதில் பள்ளி நூலகத்தில் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் கிடைத்தார். மூன்று தொகுதியையும் ஒரே விடுமுறையில் முடித்தேன். அவரைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது, இன்றும் எடுத்துப் படிக்கிறேன். ஆனால் படிக்கும்போது புது ஊருக்கு வந்த மாதிரியே இல்லை. நீண்ட நடை, ஒன்றுக்கொன்று ஒத்துவராத துணைகள், வழியெல்லாம் அரக்கர்கள், தூக்கிப் போக வேண்டிய ஒரு பாரம். இது எனக்குத் தெரிந்த இடமாயிற்றே என்றுதான் தோன்றியது.

அப்புறம் வகுப்பில் பிடித்த ஃபேன்டஸி நூல்களை எழுதச் சொன்னார்கள். நான் குரங்கு ராஜாவை முதலில் எழுதினேன். ஆசிரியர் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, "இது நாட்டுப்புறக் கதை, ஃபேன்டஸி எழுது" என்றார். முப்பது வருஷம் ஆகியும் அந்தச் சிவப்புக் கோடு எனக்கு உறுத்துகிறது.

எது நாட்டுப்புறக் கதை? குரங்கு ராஜா வரும் 'மேற்கு நோக்கிய பயணம்' நூறு அத்தியாயம் கொண்ட நாவல். இன்று கைக்குக் கிடைக்கும் மிகப் பழைய முழுப்பதிப்பு 1592-இல் அச்சானது. வூ செங்-என் எழுதியது என்பது பொதுவான கருத்து. 1920களில் சீன எழுத்தாளர் லூ ஷுன் சீனப் புனைகதை வரலாறு எழுதியபோது இந்த வகைக்கு 'தெய்வமும் அசுரரும் வரும் நாவல்' என்று தனிப் பெயரே கொடுத்துவிட்டார். டோல்கீனின் அந்தப் பெரிய நூலின் முதல் தொகுதி வந்தது 1954-இல். முப்பது வருஷம் முன்பே வகையும் இருந்தது, வகைக்குப் பெயரும் இருந்தது. ஆங்கிலத்தில் எழுதினால் கற்பனை, சீனத்தில் எழுதினால் பாட்டி கதை என்று அலமாரி பிரிப்பதை நான் ஏற்கமாட்டேன்.

டோல்கீன் வாசகர்கள் ஓயாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: அவர் கதையில் வரும் ராட்சதக் கழுகு மேல் ஏறிப் பறந்து போயிருக்கலாமே, ஏன் நடந்தார்கள்? சீன நாவலில் அந்தக் கேள்வி கதைக்குள்ளேயே வருகிறது. குரங்கு ராஜா மேகத்தில் ஒரு தாவு தாவினால் 1,08,000 லீ. லீ என்பது சீனர்களின் தூர அளவு. அவர்கள் போக வேண்டிய இடமும் 1,08,000 லீ தூரத்தில்தான் இருக்கிறது. ஒரே தாவு போதும். 22ஆம் அத்தியாயத்தில் பன்றிமுகச் சீடன் கேட்கிறான்: குருவை முதுகில் தூக்கிக்கொண்டு பறந்துவிட வேண்டியதுதானே? குரங்கு சொல்கிறது: மலையைத் தூக்குவது சுலபம், மனித உடம்பை இந்த மண்ணிலிருந்து தூக்குவதுதான் முடியாது. அவர் தன் காலால்தான் போய்ச் சேர வேண்டும். பதினாலு வருஷம், பயந்த சுபாவமுள்ள ஒரு துறவியின் குதிரைக்குப் பக்கத்தில், பறக்கத் தெரிந்தவன் நடந்தான். எந்த மொழியிலும் ஒரு ஃபேன்டஸி கதை இதைவிட ஆழமாகப் போனதாக எனக்குத் தெரியவில்லை.

அந்தத் துறவி நிஜ மனிதர். யுவான் சுவாங். பள்ளிப் பாடத்தில் காஞ்சிபுரத்துக்கு வந்த சீனப் பயணி என்று படித்தோமே, அவரேதான். 645-இல் சீனா திரும்பும்போது 657 நூல்கள் கொண்டுபோனார். அந்தக் குரங்கின் வேர் நம் அனுமன் என்று சீன அறிஞர் ஹு ஷி சொன்னார், லூ ஷுன் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் சீனாவின் சுவான்சோ நகரத்தில், 13ஆம் நூற்றாண்டுக் கல் கோபுரம் ஒன்றில், வாள் ஏந்திய குரங்கு வீரன் செதுக்கப்பட்டு நிற்கிறான். அதே ஊரில் 1281-இல் சிவன் கோயிலுக்காக வெட்டிய தமிழ்க் கல்வெட்டும் கிடைத்திருக்கிறது. 2025-இல் உலகமெங்கும் வசூலைக் குவித்த சீன அனிமேஷன் படத்தின் நாயகன் நேஜா யார் தெரியுமா? பௌத்த நூல்கள் வழியாக அங்கே போய்ச் சேர்ந்த குபேரன் மகன் நளகூபரன். கண்ணன் உரலை இழுத்துச் சாய்த்த இரட்டை மருத மரங்களில் ஒன்றாக நின்றவன். அங்கே போனபின் தாமரையில் மறுபிறவி எடுத்து, நெருப்புச் சக்கரங்களில் ஏறி ஓடுகிறான். கதைகள் கடலைத் தாண்ட யாரிடமும் இங்கிலீஷ் கேட்டதில்லை.

தமிழில் படிக்கிறவர்களிடம் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. சீனக் கதை என்றால் சிறுவர்க்கான நாற்பது பக்கச் சுருக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஆண்டனி யூ 1977 முதல் 1983 வரை நான்கு தொகுதிகளில் முழு நாவலையும் ஆங்கிலமாக்கி வைத்திருக்கிறார். மலேசியாவில் சீனப் பள்ளியில் படித்த தமிழ்ப் பிள்ளைகள் இன்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது சீனத்திலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும். என் மகளுக்கு அந்தச் சிவப்புக் கோடு தெரியவே கூடாது.

போபோவுக்கு மிகவும் பிடித்தது 99ஆம் அத்தியாயம். ஏடுகளை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, பட்ட சோதனைகளை எண்ணிப் பார்த்தால் எண்பதுதான் வருகிறது. எண்பத்தொன்று ஆக வேண்டும். அதனால் ஆற்றைக் கடக்க முதுகில் ஏற்றிப் போகும் ஆமை, கரை நெருங்கும்போது எல்லாரையும் கவிழ்த்துவிடுகிறது. நனைந்த ஏடுகளைப் பாறையில் காயப் போடுகிறார்கள். எடுக்கும்போது கடைசி வரிகள் கொஞ்சம் கல்லோடு ஒட்டிக் கிழிந்துவிடுகின்றன. இதைச் சொல்லும்போது போபோ வாசலில் எங்கள் சட்டைகளைக் கொடியிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டிருப்பார்.

"அந்தக் கல் இன்னும் ஈரமா இருக்குமா போபோ?" என்று தம்பி கேட்டான்.

"காய்ந்திருக்கும். வா, சிக் ஃபான்" என்றார். சாப்பிட வா என்று அர்த்தம்.