இரவு 8.40 பஸ்ஸும் சட்டமன்றக் கேள்வி நேரமும்

காரைக்குடி செக்காலை ரோட்டுப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். பதினான்கு வருஷம் ஆகிறது. ஊர் பதினொரு கிலோமீட்டர் தள்ளி. கடை அடைத்து ஷட்டர் இறக்கியதும் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வந்தால், 8.40-க்கு எங்கள் ஊர் டவுன் பஸ் நிற்கும். அதில் ஏறுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் என்னைப் போலக் கடை வேலைக்கு வரும் பெண்கள். ஒரு நாள் அந்த 8.40 ட்ரிப் (பஸ்காரர்கள் 'நடை' என்பார்கள்) நின்றுபோனது. அறிவிப்பு இல்லை, சொல்வார் யாரும் இல்லை. ஒன்பதேகால் வரை நின்று பார்த்துவிட்டு, ஆறு பேராகச் சேர்ந்து ஆட்டோ பிடித்தோம். ஆளுக்கு ஐம்பது ரூபாய்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அந்தத் திட்டத்தால் எங்கள் வீடுகளில் மிச்சமான காசுக்கு ஒரு மதிப்பு உண்டு. நான் அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பஸ்ஸே வராத ஊருக்கு இலவசப் பயணம் இருந்து என்ன பயன்? 26 நாள் வேலை என்றால் மாதம் 1,300 ரூபாய் ஆட்டோவுக்கே போகும். ஒன்பதாயிரம் சம்பளம் வாங்குகிற பெண் அதை எங்கிருந்து கொடுப்பாள்? எங்களில் இரண்டு பேர் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். ஒரு பெண்ணின் அப்பத்தா என்னிடமே சொன்னார்கள்: "ராத்திரி ஒன்பதரை மணிக்குப் பொம்பளப் புள்ள ஆட்டோவுல வந்து இறங்குறது எனக்குச் சரியாப் படலத்தா."

டெப்போவில் போய்க் கேட்டோம். டிரைவர் பற்றாக்குறை என்றார்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் சிவகங்கைக்குப் போய் மனு கொடுத்தோம். அன்றைக்கு ஒரு நாள் சம்பளம் போனது. மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது: தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காகச் சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது. யார் அந்த அலுவலர் என்று பார்த்தால், டிரைவர் இல்லை என்று எங்களிடம் சொன்னவரேதான்.

அப்புறம்தான் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போனோம். எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம். அவர் நல்ல மனிதர், எளிதில் பார்க்க முடியும். சட்டமன்றத்தில் இதைக் கேள்வியாகக் கேட்க வேண்டும் என்று சொன்னபோது, அவருடைய உதவியாளர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "ஏம்மா, ஒரு டவுன் பஸ்ஸுக்கெல்லாம் சட்டசபையில கேள்வி கேக்க முடியுமா? மனுவா எழுதிக் குடுங்க, அண்ணன் டெப்போக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருவாரு" என்றார். போனும் போட்டார்கள். நான்கு நாள் பஸ் வந்தது. ஐந்தாம் நாள் வரவில்லை.

விடாமல் போய் நின்றோம். அடுத்த கூட்டத் தொடரில் எம்.எல்.ஏ. கேட்டார். 2022-இலிருந்து கேள்வி நேரத்தை நேரலையில் காட்டுகிறார்கள் என்பதால், கடையில் சாப்பாட்டு வேளையில் எல்லோருமாகச் சேர்ந்து என் போனில் பார்த்தோம். "எங்கள் தொகுதியில் கிராமப்புறப் பெண்கள் நலன் கருதி, இரவு நேரத்தில் கூடுதல் பேருந்துகளை இயக்க அரசு முன்வருமா என்பதைத் தங்கள் வாயிலாக அறிய விரும்புகிறேன்" என்றார். கேள்விக்கு முன்னால் தலைவர்களுக்கு நன்றி சொன்ன நேரம் கேள்வியைவிட நீளம். உறுப்பினர் கடிதம் கொடுத்தால் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. அதோடு அடுத்த வினா.

அன்று முழுக்க அந்த 'முன்வருமா' என் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. அதன் பிறகு சட்டமன்ற நடவடிக்கைகளைக் கவனித்துப் பார்க்கத் தொடங்கினேன். பாலம் கட்ட அரசு முன்வருமா, துணை சுகாதார நிலையம் அமைக்க அரசு ஆவன செய்யுமா, ஊருணியைத் தூர்வார அரசு நடவடிக்கை எடுக்குமா. எந்த ஆட்சியானாலும் எந்தக் கட்சி உறுப்பினரானாலும் இதே வாய்பாடுதான். இவற்றைக் கேள்வி என்று என்னால் ஏற்க முடியவில்லை. நான் சிவகங்கையில் கொடுத்தது மனு. அவர் கோட்டையில் படித்ததும் மனுதான். 'முன்வருமா' என்று கேட்டால் ஒரு அமைச்சர் சொல்லக்கூடியது மூன்று: வரும், வராது, நிதிநிலையைப் பொறுத்துப் பார்க்கலாம். அதில் ஒரு எண் இருக்காது, ஒரு தேதி இருக்காது, யார் பொறுப்பு என்பதும் இருக்காது.

இப்படிக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்தத் தடத்தில் அனுமதிக்கப்பட்ட நடை எத்தனை, போன ஆறு மாதத்தில் உண்மையில் ஓடியது எத்தனை, இரவு 8.40 நடையை நிறுத்தியது எந்தத் தேதியில், யாருடைய உத்தரவில், அந்தக் கிளையில், அதாவது டெப்போவில், டிரைவர் பணியிடம் எத்தனை, காலி எத்தனை? இதற்கு யாரும் 'பரிசீலனையில் உள்ளது' என்று சொல்ல முடியாது.

இதை எழுதும்போது எனக்குத் திருமயம் ஞாபகம் வருகிறது. திருச்சிக்குப் போகும் வழியில் கோட்டையைப் பார்த்துக்கொண்டே கடந்து போகிறோமே, அந்த ஊரில்தான் 1887-இல் தீரர் சத்தியமூர்த்தி பிறந்தார். காமராஜருக்கு அரசியல் குரு என்றும், பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள் என்றும் எல்லோருக்கும் தெரியும். 1930-களில் டெல்லி மத்திய சட்டசபையில் கேள்வி நேரத்துக்கே பேர்போனவர் அவர் என்பதை நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. அந்த அவையால் ஆட்சியை மாற்ற முடியாது. வைஸ்ராயின் நிர்வாகக் குழு அவைக்குக் கட்டுப்பட்டதல்ல. அவர் கையில் இருந்ததெல்லாம் கேள்வியும், பதில் வந்தவுடன் எழுந்து கேட்கிற துணைக் கேள்வியும்தான். அதை வைத்துக்கொண்டே வெள்ளைக்கார அதிகாரிகளைத் திணற வைத்தார். அந்தத் துணைக் கேள்வி உரிமையும் சும்மா வந்ததல்ல. 1892 சட்டத்தில் கேள்வி கேட்கலாம் என்று மட்டும்தான் இருந்தது, பதில் எப்படி இருந்தாலும் கேட்டவர் உட்கார்ந்துவிட வேண்டியதுதான். 1909-இல்தான் கேட்டவர் மறுபடி எழுந்து துணைக் கேள்வி கேட்கலாம் என்று ஆனது. பத்தாண்டு கழித்து வந்த 1919 சட்டம் அதை மற்ற உறுப்பினர்களுக்கும் கொடுத்தது.

இன்றைக்கு நம் உறுப்பினர்களுக்கு ஆட்சியை ஏற்றவும் இறக்கவும் அதிகாரம் இருக்கிறது. துணைக் கேள்வியை மட்டும் நன்றி சொல்லச் செலவழிக்கிறார்கள். எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. எப்படிக் கேட்க முடியும் என்று என் தம்பியே கேட்டான். 1957-ஐப் பார்க்கச் சொன்னேன். எல்.ஐ.சி. பணத்தை முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிப் பங்குகளில் போட்டது ஏன் என்று மக்களவையில் முதலில் கேள்வி எழுப்பிய ராம் சுபக் சிங்கும் காங்கிரஸ். அடுத்து அதைப் பிரித்து மேய்ந்த பெரோஸ் காந்தியும் காங்கிரஸ், அதுவும் பிரதமர் நேருவின் மருமகன். பிறகு நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணை நடந்தது. நம் டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் பதவியை விட்டு விலகினார். ஒரு கேள்வியில் தொடங்கி அங்கே போய் நின்றது. அதற்கு நேர்மாறாக, கேள்வி கேட்கப் பணம் வாங்கினார்கள் என்று 2005 டிசம்பரில் இரண்டு அவைகளிலுமாகப் பதினோரு எம்.பி.க்களை வெளியேற்றியதும் இதே நாட்டில்தான். விலை கொடுத்து வாங்கும் அளவுக்கு அந்தக் கேள்விக்கு மதிப்பு இருந்திருக்கிறது!

மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழிப் பதிலுக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்வி இருபது, எழுத்துப் பதிலுக்கு 230. இருபதையும் ஒரே மணி நேரத்தில் முடித்த நாள்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. 2019 நவம்பர் 27-இல் முடித்தபோது, 1972-க்குப் பிறகு இதுதான் முதல்முறை என்று செய்தி வந்தது. ஆனால் எழுத்துப் பதில்களைக் குறைவாக நினைக்காதீர்கள். மாநிலவாரி, ஆண்டுவாரி அட்டவணையோடு இணையத்தில் கிடக்கின்றன. நம் ஊர் ரயில் பற்றியோ, இங்கே இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி பற்றியோ என்ன கேட்டார்கள், என்ன பதில் வந்தது என்று வீட்டில் இருந்தே தேடிப் படிக்கலாம். சட்டமன்றம் கூடுவதோ வருஷத்துக்கு ஐம்பது நாளைத் தொட்டாலே பெரிது என்று ஆகிவிட்டது. 234 பேருக்கு அந்த ஒரு மணி நேரம். அதில் ஒரு நிமிஷம் வீணானாலும் அது நம் நிமிஷம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேள்வியின் பலம் அவையில் சொல்லும் பதிலில் மட்டும் இல்லை. கேள்வி அனுமதிக்கப்பட்டதும் அது பேரவைச் செயலகத்திலிருந்து துறைச் செயலாளருக்குப் போகிறது, அங்கிருந்து போக்குவரத்துக் கழகத் தலைமைக்கு, மண்டலத்துக்கு, கடைசியில் கிளைக்கு. ஒவ்வொரு படியிலும் ஒருவர் பதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தவறான விவரத்தை அமைச்சர் வாயால் சொல்ல வைத்துவிட்டால் நாளைக்கு யார் தலை உருளும் என்பது கீழே இருப்பவருக்கு நன்றாகத் தெரியும். என் மனுவுக்கு இல்லாத அந்தப் பயம் கேள்விக்கு உண்டு.

அமைச்சர் 'பரிசீலிக்கப்படும்' என்று சொன்னதும் காற்றோடு போகிற பேச்சல்ல. நாடாளுமன்றத்தில் அப்படிச் சில சொற்களுக்குப் பட்டியலே வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல் பதிலில் வந்தால் அது அரசின் உறுதிமொழி. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். இல்லையென்றால் உறுதிமொழிக் குழு கேட்கும். நம் சட்டமன்றத்திலும் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது, மாவட்டம் மாவட்டமாக வந்து ஆய்வு செய்கிறது. அந்தக் குழு வருகிற அன்று நம் ஊர்க்காரர்கள் எத்தனை பேர், "இன்ன தேதியில் இன்ன பதில் சொன்னீர்கள், என்ன ஆயிற்று?" என்று போய் நின்றிருக்கிறோம்?

நான் அடுத்ததாகச் செய்தது இதுதான். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நடைக் கணக்கைக் கேட்டேன். முப்பதாம் நாள் பதில் வந்தது. அனுமதி ஒரு நாளைக்கு ஆறு நடை. கடைசி மூன்று மாதத்தில் பெரும்பாலான நாள் ஓடியது நான்கு. ஏட்டில் 8.40 நடை 'ரத்து' என்று இல்லை, 'பழுது' என்று இருந்தது. தொடர்ந்து அறுபத்து மூன்று நாள் பழுது. நான் கணக்கு எழுதுகிறவள். ஒரே காரணம் வரிசையாக அறுபத்து மூன்று முறை எழுதப்பட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அந்தத் தாளை நகல் எடுத்து, கீழே ஐந்து கேள்வி எழுதி, எம்.எல்.ஏ.விடம் கொடுத்தேன். உதவியாளர் இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. எம்.எல்.ஏ. இரண்டு தடவை படித்தார். "இப்படிக் குடுத்தா கேக்குறதுக்கு என்னம்மா?" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நாம் அவர்களிடம் போவது கல்யாணப் பத்திரிகையோடு, இடமாற்றச் சிபாரிசுக்கு, கோயில் கும்பாபிஷேகத்துக்கு. கேள்வி கொண்டு போனவர் யார்? 1962-இல் காரைக்குடியிலிருந்து சட்டமன்றத்துக்குப் போன கம்பன் அடிப்பொடி சா. கணேசன் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம், அவர் அங்கே என்னென்ன கேட்டார் என்று யாராவது தேடிப் பார்த்திருக்கிறோமா? நானும் இன்னும் பார்க்கவில்லை, பார்க்கப் போகிறேன்.

கேட்க வேண்டியது இங்கே கொட்டிக் கிடக்கிறது. சம்பை ஊற்று நம் தாகத்தைத் தீர்த்த தண்ணீர். அதன் நீர்மட்டம் இருபது வருஷத்துக்கு முன் எவ்வளவு, இன்று எவ்வளவு? சுற்றுவட்டாரத்தில் எத்தனை ஆழ்துளைக் கிணறுகளுக்கு அனுமதி கொடுத்தார்கள்? 2024-இல் காரைக்குடி மாநகராட்சி ஆனது. சுற்றியிருந்த ஊர்களையும் சேர்த்தார்கள். சேர்ந்த ஊர்களில் நூறு நாள் வேலை அட்டை வைத்திருந்த பெண்கள் எத்தனை பேர், அவர்களுக்கு மாற்றாக என்ன கொடுத்தார்கள்? சொத்து வரி எவ்வளவு ஏறியது, குப்பை வண்டி எத்தனை கூடியது? தேவகோட்டைப் பக்கம் உள்ளவர்கள், கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல்காரர்கள் உங்கள் ஊருக்கானதைக் கமெண்டில் எழுதுங்கள். 'முன்வருமா' வேண்டாம். எத்தனை, எப்போது, யார், ஏன் என்று எழுதுங்கள். நான் தொகுத்து, அந்தந்தத் தொகுதி எம்.எல்.ஏ. அலுவலகத்தில் கொடுத்து, கொடுத்த தேதியையும் இங்கே போடுகிறேன்.

எங்கள் பஸ் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்தக் கேள்வி இன்னும் அவையில் வரவில்லை. ஆனால் விவரம் கேட்டுக் கிளைக்குக் கடிதம் போன வாரத்திலேயே 8.40 வரத் தொடங்கிவிட்டது. போன செவ்வாய்க்கிழமையோடு நாற்பத்தோரு நாள். வேலையை விட்ட இரண்டு பேரில் ஒருத்தி திரும்பி வந்துவிட்டாள், என் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்து வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பஸ் இல்லை. துணிக்கடைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வியாபாரம். ஞாயிறு நடைக்கு அனுமதி இருக்கிறதா, இருந்தால் எந்தத் தேதியிலிருந்து ஓடவில்லை என்று கேட்டு நேற்று அடுத்த விண்ணப்பத்தைத் தபாலில் சேர்த்தேன்.