மூன்று நாள் பட்டினி கிடந்தால் மனக்கவலைத் தீனி நிற்காது

கோலாலம்பூரில் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. மனசு சரியில்லாதபோது தின்பது வெறும் நாக்கு ருசியாம், மூன்று நாள் தண்ணீர் மட்டும் குடித்தால் பழக்கம் அறுந்துவிடுமாம். தவறு. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள் இதைச் செய்தால் ரத்தச் சர்க்கரை இறங்கி மயங்கியே விழலாம், தயவுசெய்து பகிராதீர்கள்.

மன அழுத்தம் நீடித்தால் கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் கூடி பசியைத் தூண்டும், இனிப்பையும் எண்ணெய்ப் பண்டத்தையும் தேட வைக்கும், தின்றதும் கொஞ்ச நேரம் மனசு இளகுவதால் மூளை அதையே திரும்பக் கேட்கும். பட்டினி இதை இன்னும் முறுக்கிவிடும். 1944-45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 ஆரோக்கியமான ஆண்களுக்கு மாதக்கணக்கில் உணவைக் குறைத்துப் பார்த்தார்கள். நினைப்பெல்லாம் சாப்பாடாகவே ஆனது, கட்டுப்பாடு நீங்கிய பிறகும் சிலர் வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் தின்றார்கள்.

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் வேலை முடிந்து எல்ஆர்டியில் இறங்கியதும் நேரே மாமாக் கடைக்குப் போய்விடுவார், மூன்று ரொட்டி சானாய், ஒரு தே தாரிக், பிறகு வீட்டில் அழுகை. மதியச் சாப்பாட்டைத் தவிர்ப்பதை நிறுத்தினார், அப்புறம் ரயிலை விட்டு இறங்கியதும் தங்கைக்குப் போன் போட்டுப் பேச ஆரம்பித்தார். முழுசாக நிற்கவில்லை, ஆனால் வாரத்தில் ஐந்து நாள் இருந்தது இப்போது ஒன்று.

தின்பதை அடக்கவே முடியவில்லை, வாந்தி எடுக்கிறீர்கள் என்றால் தாமதிக்காமல் அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். மனம்விட்டுப் பேச சுகாதார அமைச்சின் 15555 என்ற தொலைபேசி எண் இருக்கிறது.