பேராசிரியர் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும்

பல்கலைக்கழகமும் பள்ளியும் சேர்ந்து வரலாற்றுப் பாடத்தை மேம்படுத்தப் போகின்றன என்று எங்காவது அறிவிப்பைப் பார்த்தால் எனக்கு ஒரு குழுப் புகைப்படம்தான் ஞாபகம் வரும். புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கும். நடுவில் துணைவேந்தர், ஓரத்தில் பாதி முகம் மட்டும் தெரிகிற நாலு ஆசிரியர்கள். அந்தப் பாதி முகங்களில் ஒன்று என்னுடையது. 18 வருடமாகப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். இப்படிப்பட்ட கூட்டு முயற்சிகளில் மூன்று முறை மாட்டியிருக்கிறேன். இரண்டு வீண், ஒன்று உருப்பட்டது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீணாய்ப்போன இரண்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, இரண்டும் ஒரே அச்சு. பேராசிரியர் வந்தார். தன் துறையில் கடந்த முப்பது வருடமாக நடக்கும் விவாதங்களை மூன்று மணி நேரம் அடுக்கினார். பேச்சு நன்றாகத்தான் இருந்தது, எனக்கே நிறைய புதுசு. முடிந்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு சக ஆசிரியர் எழுந்து, "சார், இதை எட்டாம் வகுப்புல 40 நிமிஷத்துல எப்படிக் கொண்டுபோறது?" என்று கேட்டார். பேராசிரியர் சிரித்துக்கொண்டே, "அது உங்க ஏரியா" என்றார். சான்றிதழை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

தமிழில் ஒரு வேடிக்கை உண்டு. வரலாற்றாசிரியர் என்றால் வரலாறு எழுதுகிறவர். வரலாற்று ஆசிரியர் என்றால் நான். சேர்த்து எழுதினால் அவர், பிரித்து எழுதினால் நான். இரண்டு பேரும் சந்திக்கிற இடத்தில்தான் எல்லாக் கோளாறும்.

இந்தக் கோளாறைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் அமெரிக்காவுக்குப் போகலாம். மேற்கு வர்ஜீனியாவின் செனட்டர் ராபர்ட் பேர்ட் முன்னின்று கொண்டுவந்த ஒரு நிதித் திட்டம் 2001-ல் தொடங்கியது. அமெரிக்க வரலாறு கற்பிக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கான திட்டம். பணம் பள்ளி நிர்வாகத்துக்கு வரும். ஆனால் ஒரு பல்கலைக்கழகம், அருங்காட்சியகம், நூலகம், வரலாற்று அமைப்பு என்று யாரையாவது கூட்டாளியாகச் சேர்த்திருக்க வேண்டும். சுமார் பத்து ஆண்டுகளில் 100 கோடி டாலர் அளவுக்குச் செலவானது. நம்ம பாடத்துக்கா இவ்வளவு என்று எனக்கு வாய் பிளந்துவிட்டது. நல்ல பேச்சாளர்கள் வந்தார்கள், ஆசிரியர்களும் மகிழ்ந்தார்கள். மாணவர்கள் என்ன கற்றார்கள் என்று கேட்டபோதுதான் கையில் உறுதியான பதில் இல்லை. ஆசிரியர் தலையில் தகவலை நிரப்பினால் அது வழிந்து பிள்ளைகளிடம் போய்விடும் என்ற நம்பிக்கைதான் பல இடங்களில் அடித்தளமாக இருந்தது என்பது என் கணிப்பு. அப்படியெல்லாம் வழியாது.

சரி, பல்கலைக்கழகத்திடம் நமக்கு வேண்டியது ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது தகவல் இல்லை. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் சாம் வைன்பர்க் 1991-ல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. எட்டு வரலாற்றாசிரியர்கள், எட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். எல்லோருக்கும் ஒரே ஆவணக் கட்டு. அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கிய நாளான 1775 ஏப்ரல் 19 அன்று, லெக்சிங்டன் என்ற ஊரில் பிரிட்டிஷ் படையும் உள்ளூர் ஆயுதக் குழுவும் மோதியதைப் பற்றியது. படிக்கும்போது மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். வரலாற்றாசிரியர்கள் முதலில் பார்த்தது, எழுதியது யார், எப்போது என்பதைத்தான். மாணவர்கள் முதல் வரியில் ஆரம்பித்துக் கடைசி வரியில் நிறுத்தினார்கள். எதை அதிகம் நம்பலாம் என்று வரிசைப்படுத்தச் சொன்னால், மாணவர்கள் பாடநூல் பகுதியைத் தூக்கி மேலே வைத்தார்கள். வரலாற்றாசிரியர்கள் அதைக் கீழே தள்ளினார்கள். இத்தனைக்கும் அந்த எட்டுப் பேரில் சிலருக்கு அமெரிக்க வரலாறு சொந்தத் துறையே இல்லை. துறை வேறானாலும் படிக்கிற பழக்கம் கூடவே வந்தது. அந்தப் பழக்கம்தான் எனக்கு வேண்டும். வரலாற்றாசிரியர் ஒருவர் ஒரு தாளைக் கையில் எடுத்துப் படிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காமல் அது எனக்கு வராது.

மூன்றாவது முயற்சியில் வந்தவர் இதற்கு ஒத்துக்கொண்டார். உரை எதுவும் ஆற்றவில்லை. ஒரு பருவம் முழுக்க, வாரம் ஒரு நாள், என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். முதல் சண்டை மூன்றாவது வாரமே வந்துவிட்டது. அதே லெக்சிங்டன் ஆவணங்களைத்தான் எடுத்திருந்தோம். ஒன்று ஜான் பார்க்கர் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியின் நாட்குறிப்பு. இன்னொன்று எதிர்த்தரப்பினர் 34 பேர் ஏப்ரல் 25 அன்று சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலம். அவர் இரண்டையும் ஒரு எழுத்து மாறாமல் நகலெடுத்துக் கொண்டுவந்தார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, பிள்ளைகள் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அன்று ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றையும் ஆறு வரிக்குச் சுருக்கினேன். முறுக்கிய வாக்கியங்களைப் பிரித்துப் போட்டேன். அடுத்த வாரம் தாளைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "ஆவணத்துல கை வைக்கலாமா டீச்சர்?" என்றார். "கை வைக்கலைன்னா பசங்க கண்ணே வைக்க மாட்டாங்க சார்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். வெட்டிய இடங்களில் புள்ளி வைப்பது, மொழி எளிதாக்கப்பட்டது என்று தாளின் தலையிலேயே எழுதுவது, முழு ஆவணத்தை மேசைமேல் வைப்பது.

அந்தத் தாளோடு நடந்த வகுப்பை நான் மறக்க மாட்டேன். அவர்கள்தான் முதலில் ஒன்றிரண்டு முறை சுட்டார்கள் என்கிறது பார்க்கரின் குறிப்பு. நாங்கள் முதுகைக் காட்டிக் கலைந்துகொண்டிருந்தபோது எங்களைச் சுட்டார்கள் என்கிறது வாக்குமூலம். "யார் டீச்சர் பொய் சொல்றது?" என்று முன்வரிசை கேட்டது, எதிர்பார்த்ததுதான். ஒரு பையன் 34 பேர் சொல்கிறார்களே, அப்போ அதுதான் உண்மை என்றான். பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "34 பேரும் எப்படி டீச்சர் ஒரே வாக்கியத்துல சொன்னாங்க? ஒருத்தர் எழுதி மத்தவங்க கையெழுத்துப் போட்டாங்களா?" கடைசி பெஞ்சில் பேராசிரியர் நோட்டை மூடிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். சம்பவம் நடந்து ஆறு நாள் கழித்து ஏன் வாக்குமூலம் கொடுத்தார்கள், யார் படிப்பதற்காகக் கொடுத்தார்கள் என்று அங்கிருந்தே அவளைக் கேட்க ஆரம்பித்தார். மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை. சும்மா சொல்லவில்லை, அடுத்த பீரியட் கணக்கு ஆசிரியர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

சுருக்கிய ஆவணங்களை வைத்துப் பாடம் நடத்துவது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வைன்பர்க் குழு இந்த வடிவில்தான் பாடங்களைத் தயாரித்தது. ஒரு மையக் கேள்வி, இரண்டு மூன்று சிறிய ஆவணங்கள், பிறகு விவாதம். அந்தக் குழுவைச் சேர்ந்த அவிஷாக் ரைஸ்மன் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஐந்து அரசுப் பள்ளிகளில் 236 மாணவர்களோடு ஆறு மாதம் இதைச் சோதித்து 2012-ல் முடிவை வெளியிட்டார். இந்த முறையில் படித்தவர்கள் வரலாற்றுச் சிந்தனையில் முன்னேறியிருந்தார்கள். தகவல் அறிவும் வாசிப்புத் திறனும்கூடக் கூடியிருந்தன. ஆவணம் படித்துக்கொண்டிருந்தால் போர்ஷன் எப்போ முடியும் என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

தலைப்பை யார் முடிவு செய்வது என்பது அடுத்த விஷயம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் அது இருக்கும் நியூ ஹேவன் நகரப் பள்ளிகளும் சேர்ந்து 1978-ல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கின. அங்கே எந்தத் தலைப்பில் கருத்தரங்கு வேண்டும் என்று பள்ளி ஆசிரியர்கள் கேட்கிறார்கள், யேல் பேராசிரியர் வந்து நடத்துகிறார். முடிவில் ஒவ்வொரு ஆசிரியரும் தன் வகுப்புக்கான பாட அலகைத் தானே எழுதுகிறார். இதில் எனக்குப் பொறாமையே உண்டு. நாங்கள் போன பயிற்சிகளில் தலைப்பு அழைப்பிதழிலேயே அச்சாகி வந்துவிடும்.

இவ்வளவும் செய்துவிட்டு வினாத்தாளை மட்டும் தொடாமல் விட்டால் ஒன்றும் நடக்காது. 1972-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் சில்வெஸ்டர் தலைமையில் 13 முதல் 16 வயது மாணவர்களுக்கான வரலாற்றுத் திட்டம் தொடங்கியது. அதன் தொடக்கப் பயிற்சி ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். மார்க் புல்லன் என்ற கற்பனை இளைஞன் இறந்துகிடக்கிறான். அவன் பர்ஸில் இருந்த துண்டுச்சீட்டுகளை மட்டும் வைத்து அவன் யார், என்ன நடந்திருக்கும் என்று மாணவர்கள் ஊகிக்க வேண்டும். ஆனால் திட்டம் அந்தப் பர்ஸோடு நின்றுவிடவில்லை. தனக்கென்று பொதுத்தேர்வு முறையும் வைத்திருந்தது. முன்பின் பார்த்திராத சான்றுகளைக் கொடுத்துக் கேள்வி கேட்கும் தாளும் அதில் உண்டு. நம் வினாத்தாள் வருடத்தையும் பெயரையும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், என் வகுப்பில் அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு மதிப்பெண் எங்கே இருக்கிறது? பெற்றோர் கேட்பார்கள், நியாயமாகத்தான் கேட்பார்கள்.

பேராசிரியர்கள் பக்கமும் நியாயம் உண்டு. கட்டுரை வெளியிட்டால் பதவி உயர்வுக் கணக்கில் சேரும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்த நாட்கள் பெரும்பாலும் எந்தக் கணக்கிலும் சேராது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிற துணைவேந்தர்கள் அதை மட்டும் மாற்றிக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

எங்களோடு இருந்தவர் பருவம் முடிந்ததும் கிளம்பிவிட்டார். போன மாதம் ஃபோன் செய்தார். முதலாம் ஆண்டு இளங்கலை வகுப்பில் பார்க்கரையும் அந்த 34 பேரையும் நடத்தினாராம். எந்தத் தாளைக் கொடுத்தீர்கள் சார் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீங்க சுருக்கினதைத்தான்" என்றார்.