கொதிக்க வைத்தாலும் போகாது, அங்கிள்

தென்னாப்பிரிக்காவின் ஹார்ட்பீஸ்போர்ட் அணைக்கு, அதாவது நம் ஹார்ட்டீஸுக்கு, குழுவாகப் போகிற பிக்னிக் பற்றி நான் ஓர் எச்சரிக்கை எழுதினேன். அதற்குப் பதிலாக நம் குழுவில் அங்கிள் ஒருவர் போட்ட குரல் பதிவை இதற்குள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். "நம்ம ஊர்க் குளத்துல பாசி இல்லையா? நாங்க அதுல குதிச்சு வளரலையா? பயமா இருந்தா கொதிக்க வெச்சுக் குடிம்மா." கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். குடிப்பதைப் பற்றி நான் ஒரு வார்த்தை எழுதவில்லை. அணைக் கரையில் பச்சை பெயிண்ட் கொட்டின மாதிரி மிதக்கிற இடத்தில் குழந்தைகளை இறக்காதீர்கள் என்றேன், அந்தப் பாசி ஹார்மோனையும் பாதிக்கலாம் என்றேன். அவ்வளவுதான்.

சரி, கொதிக்க வைப்பதற்கே வருகிறேன். கொதிக்க வைத்தால் இந்த நஞ்சு போகாது. அணையில் மிதக்கிற அந்தப் பச்சை, நீலப்பச்சைப் பாசி. அது உண்மையில் பாக்டீரியா. சூட்டில் அது சாகும், செல் உடையும், உள்ளே இருக்கிற மைக்ரோசிஸ்டின் என்ற கல்லீரல் நஞ்சு தண்ணீரில் கலக்கும். தண்ணீர் சுண்டச் சுண்ட நஞ்சு அடர்த்தியாகும். 2014இல் அமெரிக்காவின் டொலிடோ நகரத்தில் ஈரி ஏரித் தண்ணீர் இப்படி ஆனபோது, குடிக்கவும் வேண்டாம், கொதிக்க வைக்கவும் வேண்டாம் என்றுதான் அரசாங்கமே சொன்னது. அங்கே சிரிப்பு முகம் யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

ஊர்க் குளத்தில் நானும் குளித்தவள்தான். அந்தக் குளத்தில் இரண்டு பெருநகரங்களின் கழிவுநீர் வந்து சேரவில்லை. ஹார்ட்பீஸ்போர்ட்டுக்கு ஜோஹன்னஸ்பர்க்கும் பிரிட்டோரியாவும் சேர்ந்து அனுப்புகின்றன, அதிலிருக்கும் பாஸ்பேட் பாசிக்கு விருந்து. தீபாவளி முடிந்து வெயில் ஏறினால் போதும், கரையெல்லாம் பச்சை. இது ஏதோ நான் இன்டர்நெட்டில் படித்த அமெரிக்கக் கதையும் இல்லை. 1940களில் இங்கே வால் (Vaal) அணையோரம் இந்தப் பாசியால் ஆடுமாடுகள் கூட்டமாகச் செத்ததை ஆண்டர்ஸ்டபோர்ட் கால்நடை ஆய்வாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். மைக்ரோசிஸ்டினின் அமைப்பை 1980களில் கண்டுபிடித்ததும் இதே பிரிட்டோரியாவில், சிஎஸ்ஐஆர் என்ற ஆய்வு நிறுவனத்தில். நாம் தினமும் காரில் கடந்து போகிற கட்டடம்.

எங்கள் நாய் மணியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வேறொரு பண்ணை அணைக்குப் போயிருந்தபோது கரையில் தண்ணீர் நக்கிவிட்டு வந்தது. காரிலேயே வாந்தி, கால் தள்ளாட்டம். பொழுது சாய்வதற்குள் போய்விட்டது. கல்லீரல் என்றார் டாக்டர். என் பெண் இன்னமும் அந்தச் சாலையில் போனால் ஜன்னல் பக்கம் திரும்ப மாட்டாள். "நாய்க்குத்தானே ஆச்சு" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆமாம், நாய்க்குத்தான். 1996இல் பிரேசிலில் கருவாரு என்ற ஊரில் டயாலிசிஸ் தண்ணீரில் இது கலந்து 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் மனிதர்கள்.

அப்புறம் ஹார்மோன். அதிகச் சிரிப்பு இதற்குத்தான். ஆண் எலிகளுக்கு மைக்ரோசிஸ்டின் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் டெஸ்டோஸ்டிரோன் குறைந்தது, விந்தணு குறைந்தது. வரிக்குதிரை மீன்களில் தைராய்டு ஹார்மோன் அளவு மாறியது. மனிதர்களுக்கும் இப்படியே ஆகும் என்று நிரூபணம் ஆகவில்லை, நானும் அப்படிச் சொல்லவில்லை. "தைராய்டு மாத்திரை சாப்பிடறவங்கல்லாம் டாக்டராயிட்டாங்க" என்று எழுதியவர் என் பதிவை ஒழுங்காகப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். என் தைராய்டுக்கு அணையைக் குறை சொல்லவே இல்லையே! மாத்திரை சாப்பிடுவதை நான் குழுவில் சொன்னதே போன வருடம் ஒரு தோழிக்கு ஆறுதலாக. அதை எடுத்து இப்படி வீசுவார்கள் என்று நினைக்கவில்லை.

"நம்ம குழாய்த் தண்ணி வால்லேருந்து வருது, ஹார்ட்டீஸ் இல்ல" என்கிறார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். அதனால் குழந்தை அணையில் குதிக்கலாமா? குதிக்கிற குழந்தை தண்ணீரை விழுங்காமலா இருக்கும்? உலக சுகாதார நிறுவனம் குளிக்கிற தண்ணீருக்கே லிட்டருக்கு 24 மைக்ரோகிராம் மைக்ரோசிஸ்டின் என்று வரம்பு வைத்திருக்கிறது. நீண்ட காலம் குடிக்கிற தண்ணீருக்கு 1. சும்மாவா வைத்தார்கள்?

என்னிடம் ஆய்வு கேட்டார்கள், இணைப்பு கேட்டார்கள், படிப்பு என்ன என்று கூடக் கேட்டார்கள். அங்கிளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் குரல் பதிவுக்குக் குரல்தான் ஆதாரம். இதே குழுவில் ஸ்பிருலினா மாத்திரை "ஹார்மோனைச் சீராக்கும்" என்று விற்பனைக்கு வந்தபோதும் ஒருவர் ஆதாரம் கேட்கவில்லை, பாதிப் பேர் ஆர்டர் போட்டார்கள். அதுவும் நீலப்பச்சைப் பாசிதான் அங்கிள், நஞ்சில்லாத வகை. பாசி ஹார்மோனுக்கு நல்லது என்று ஆண் விற்றால் அறிவியல், கெட்டது என்று பெண் சொன்னால் பயமா?

பிக்னிக்குக்கு நான் வருகிறேன். புளிசாதமும் கொண்டு வருகிறேன், ஏற்கெனவே ஒப்புக்கொண்டதுதான். யார் குழந்தை அந்தப் பச்சையில் கால் வைத்தாலும் அங்கேயே சத்தம் போடுவேன். பதிவு செய்கிறவர்கள் பதிவு செய்துகொள்ளலாம்.