எண்ணின் முதல் இலக்கத்தைப் பாருங்கள்

பழைய ராணுவ ஜீப்பான வில்லிஸைப் புதுப்பிப்பது பற்றிய உங்கள் கட்டுரையில், அதற்கு ஆலிவ் டிராப் (பழுப்பு கலந்த ராணுவப் பச்சை) என்று போட்ட எந்த பெயின்ட் டப்பாவும் போதும் என்று இருக்கிறது, அதை ஏற்க முடியவில்லை. நிறங்களுக்கு ஐந்து இலக்க எண் கொடுக்கும் அமெரிக்கத் தரப்பட்டியலான ஃபெடரல் ஸ்டாண்டர்ட் 595 எண்ணில் முதல் இலக்கம் மினுமினுப்பைச் சொல்கிறது: 1 என்றால் முழுப் பளபளப்பு, 2 பாதி, 3 மேட், அதாவது பளபளப்பே இல்லாதது. அதனால் 24087, 34087 இரண்டையும் கடையில் ஒரே பெயர் சொல்லிக் கொடுத்தாலும் வண்டியில் அடித்தால் வேறாகத்தான் தெரியும். இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப்பைப் புதுப்பிப்பவர்கள் பலர் 33070ஐ எடுக்கிறார்கள், அதில் பச்சையை விடப் பழுப்பு தூக்கலாக இருக்கும். 34094 பல பத்தாண்டுகள் கழித்து வந்த நேட்டோ மூவண்ண உருமறைப்பின் பச்சை, அதை 1943 வண்டியில் பார்த்தால் எனக்கு மனசே கேட்காது.

பழைய நிறத்தோடு ஒப்பிட பானெட்டைப் பார்க்காதீர்கள், வெயிலில் வெளுத்திருக்கும். டேஷ்போர்டின் பின்புறம் மாதிரி வெளிச்சம் படாத இடத்தைப் பாருங்கள். வண்டிக்குப் போடும் அதே பிரைமரைத் தகரத் துண்டில் போட்டு, மேலே பெயின்ட் அடித்து, நன்றாகக் காய்ந்ததும் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் வண்டியில் கை வையுங்கள்.

இந்தியாவில் ஓட்டப்போகிறவர்களுக்கு இன்னொன்று: மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 121இன்படி பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர மற்றவற்றுக்கு ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. கட்டுரையில் இதையும் தயவுசெய்து சேருங்கள்.