அந்தப் புத்தகம் யாருக்காக எழுதப்பட்டது?

நண்பர் ஒருவர் அடுத்த மாதம் வியட்நாம் போகிறார். மூன்று வாரப் பயணம். "போவதற்கு முன் படிக்க வேண்டிய பத்துப் புத்தகங்களைச் சொல்லுங்கள்" என்று நேற்று இரவு செய்தி அனுப்பியிருந்தார். பத்து! ஒரு மாதத்தில் பத்துப் புத்தகம் படித்து முடிக்கிறவருக்கு என் யோசனை எதற்கு? கேலியாக ஏதோ பதில் எழுதிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. இதே கேள்வியோடு நானும் ஒரு காலத்தில் அலைந்திருக்கிறேன். கிடைத்த பட்டியலை அப்படியே நம்பி, அதே நாட்டில் போய் இறங்கியும் இருக்கிறேன்.

நான் அப்போது படித்துவிட்டுப் போனவை எல்லாம் போர்ப் புத்தகங்கள். அமெரிக்கச் சிப்பாய்கள் எழுதியவை, அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் எழுதியவை. நன்றாக எழுதப்பட்டவைதான். ஆனால் நான் படித்தவற்றில் வியட்நாம் என்பது சேறு, மழை, காடு, காட்டுக்குள்ளிருந்து வரும் குண்டு. அந்த மண்ணின் ஆட்கள் அநேகமாக இல்லை. இருந்தாலும் பெயர் இல்லை. ஹோ சி மின் நகரில் தங்கிய விடுதியின் வரவேற்பில் இருந்த இளைஞரிடம், விவரம் தெரிந்தவனைப் போல வியட்நாம் போரைப் பற்றிப் பேச்செடுத்தேன். "எந்தப் போர்?" என்று கேட்டார். குத்தலாக இல்லை, உண்மையாகவே கேட்டார். பிரெஞ்சுக்காரர்களோடு நடந்ததா, அமெரிக்கர்களோடு நடந்ததா, 1979இல் சீனாவோடு நடந்ததா? நான் சொன்ன போருக்கு அங்கே 'அமெரிக்காவை எதிர்த்த போர்' என்று பெயர். தன் மண்ணில் நடந்த சண்டைக்குத் தன் நாட்டின் பெயரையே எவராவது வைத்துக்கொள்வார்களா? இவ்வளவு எளிய விஷயம் எனக்கு உறைப்பதற்கு விமானம் ஏறிப் போக வேண்டியிருந்தது. போர் முடிந்த 1975க்கு வெகுகாலம் கழித்துப் பிறந்தவர் அந்த இளைஞர். நாட்டு மக்களில் பெரும்பாலோர் அப்படித்தான். அவருக்கு என்னோடு கால்பந்து பற்றிப் பேசத்தான் ஆசை. எனக்குக் கால்பந்து தெரியாது. உரையாடல் அத்தோடு முடிந்தது.

திரும்பி வந்த பிறகுதான் பாவோ நின் எழுதிய 'போரின் துயரம்' நாவலைப் படித்தேன். அவர் வட வியட்நாம் படையில் இருந்தவர். 1969இல் 500 பேரோடு போர்முனைக்குப் போன அவருடைய பிரிவில் மிஞ்சியவர்கள் பத்துப் பேர், அவர்களில் ஒருவர் இவர். போர் முடிந்த பிறகு, காட்டுக்குள் கிடக்கும் தோழர்களின் எலும்புகளைச் சேகரிக்கப் போகும் லாரியில் நாவல் தொடங்குகிறது. வென்ற பக்கத்துச் சிப்பாய் எழுதியது, ஆனால் வெற்றியின் மகிழ்ச்சி எந்தப் பக்கத்திலும் ஒட்டவில்லை. 1990இல் ஹனோயில் முதலில் வெளியானபோது தலைப்பில் போர் என்ற சொல்லே கிடையாது, காதலின் விதி என்று பொருள்படும் தலைப்பு. அந்த ஊர் வாசகர் அதை எந்தக் கதையாக எண்ணிக் கையில் எடுத்திருப்பார், வெளிநாட்டு வாசகருக்கு அது எந்தக் கதையாக நீட்டப்பட்டது என்று யோசித்துப் பார்த்தேன். அன்றிலிருந்து, ஒரு நாட்டுக்குப் போகுமுன் எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் ஒன்றைத்தான் பார்க்கிறேன். இது யாரிடம் பேசுகிறது?

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை தேவையில்லை. நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படியுங்கள். பாத்திரம் ஒரு துணியைத் தோளில் போடுகிறது, ஆசிரியர் உடனே நின்று அந்தத் துணி என்ன, யார் போடுவார்கள், எந்த விழாவில் போடுவார்கள் என்று நான்கு வரி சொல்கிறார் என்றால் அவர் உங்களையும் என்னையும் பார்த்துப் பேசுகிறார். சொல்லாமல் கடந்து போகிறார் என்றால் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிறார். நமக்கு வேண்டியது இரண்டாவது வகை. பாதி புரியாது, புரியாமல் போகட்டும். பயணம் போவதே அந்த மீதிப் பாதிக்காகத்தானே.

"அப்படியானால் வெளியாட்கள் எழுதியதெல்லாம் வீணா, ஆங்கிலத்தில் எழுதினால் அந்நியமா?" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். அவ்வளவு முரட்டு விதி இல்லை இது. நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபி 1958இல் 'சிதைவுகள்' நாவலை ஆங்கிலத்தில்தான் எழுதினார். தன் இக்போ இன மக்களின் வழக்கங்களைப் பல இடங்களில் விளக்கவும் செய்கிறார். ஆனால் அது யாருக்கு மறுமொழி சொல்கிறது என்று பாருங்கள். நாவலின் கடைசியில் ஆங்கிலேய மாவட்ட அதிகாரி வருகிறார். இருநூறு பக்கங்களாக நாம் கூடவே வாழ்ந்த நாயகன் ஒக்கோங்க்வோவின் முடிவைப் பார்த்துவிட்டு, தான் எழுதப்போகும் புத்தகத்தில் இவனுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கலாமா என்று யோசிக்கிறார். பிறகு, அத்தியாயம் அதிகம், ஒரு பத்தி போதும் என்று முடிவு செய்கிறார். அந்தப் பத்தியைப் படித்துவிட்டு ஊர் பார்க்கப் போகிறவர்களாகத்தான் நாம் பெரும்பாலும் இருக்கிறோம். நைஜீரியாவுக்குப் போகிறீர்களோ இல்லையோ, எந்த நாட்டுக்குப் போவதற்கு முன்னும் அந்தக் கடைசிப் பக்கத்தை ஒருமுறை படிக்கலாம்.

சரியான புத்தகம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கெய்ரோவைச் சொல்வேன். எகிப்திய எழுத்தாளர் நகிப் மஹ்ஃபூஸ் 1956, 57இல் வெளியிட்ட மூன்று நாவல்களின் பெயர்களும் பழைய கெய்ரோவின் உண்மையான இடப்பெயர்கள். பைன் அல் கஸ்ரைன், கஸ்ர் அல் ஷௌக், சுக்கரிய்யா. நாவலின் தலைப்பைச் சொல்லி வழி கேட்கலாம், கைகாட்டுவார்கள். முதல் நாவலில் அமினா என்று ஒரு தாய். திருமணமான நாளிலிருந்து கணவனின் அனுமதி இல்லாமல் வீட்டு வாசலைத் தாண்டாதவள். மொட்டை மாடியிலிருந்து பள்ளிவாசல் கோபுரங்களைப் பார்த்துக்கொண்டே கால் நூற்றாண்டைக் கழித்தவள். கணவன் வெளியூர் போன ஒரு நாளில், பிள்ளைகள் தூண்டிவிட, ஹுசைன் பள்ளிவாசலுக்குக் கிளம்புகிறாள். திரும்பும் வழியில் கார் மோதித் தோளெலும்பு முறிகிறது. எலும்பு கூடும்வரை காத்திருந்து, கணவன் அவளை வீட்டை விட்டு அனுப்பிவிடுகிறான்.

நான் அந்தத் தெருவிலிருந்து அந்தப் பள்ளிவாசலுக்கு நடந்தேன். சில நிமிடங்கள்தான் ஆயிற்று. வழியெல்லாம் பித்தளைச் சாமான், விளக்கு, சுற்றுலாப் பயணிகள், பேரம். நெடுந்தூரத்தைக் கடப்பதுபோலப் படித்த அந்த நடை உண்மையில் இவ்வளவு குட்டையானது என்று தெரிந்த அந்த நொடியில் எனக்குக் கால் ஓடவில்லை. பக்கத்தில் நின்றவர் ஏதோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து "என்ன தேடுகிறீர்கள்?" என்றார். எந்த வழிகாட்டி நூலும் அந்தத் தூரத்தை எனக்குச் சொல்லியிருக்காது. அதில் மீட்டர் கணக்கு இருந்திருக்கும்.

வழிகாட்டி நூல்கள் மீது எனக்குப் பகை இல்லை. ரயில் எங்கே கிடைக்கும், எந்தக் கிழமை அருங்காட்சியகம் மூடியிருக்கும் என்பதெல்லாம் தெரிய வேண்டும்தான். இப்போது அதைக் கைப்பேசியே சொல்லிவிடுகிறது. கட்டடங்களுக்கு நட்சத்திரம் போடும் வழக்கத்தைப் பிரபலமாக்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மன் பேடெக்கர் வழிகாட்டிகள். 1942இல் இங்கிலாந்தின் எக்ஸிடர், பாத், நார்விச், யார்க், கேன்டர்பரி நகரங்கள் மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டபோது, அதே நூலில் நட்சத்திரம் பெற்ற கட்டடங்களைக் குறிவைப்போம் என்று ஜெர்மன் அதிகாரி ஒருவர் பேசியதால், அந்தத் தாக்குதல்களுக்கே பேடெக்கர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நட்சத்திரப் பட்டியல் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வந்து தொலைக்கிறது.

உள்ளூர்க்காரர் எழுதியதைப் படித்துவிட்டாலே கண் திறந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. துருக்கிய எழுத்தாளர் ஓரான் பாமுக்கின் 'இஸ்தான்புல்' (தமிழில் ஜி. குப்புசாமி மொழிபெயர்த்திருக்கிறார்) என் மனத்துக்கு மிக நெருங்கிய நூல். கறுப்பு வெள்ளைப் படங்கள், இடிந்த மரவீடுகள், 'ஹூசுன்' என்று அவர் சொல்லும் அந்தக் கூட்டுத் துயரம். அதில் ஊறிப்போய் இஸ்தான்புல்லில் இறங்கியவன் நான்கு நாட்கள் துயரத்தைத் தேடினேன். வெயில் பளீரென்று அடித்தது. படகில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளி விளையாடினார்கள். ஒருவர்கூட எனக்காகத் துயரப்படவில்லை. ஒரு மனிதரின் இளமைக்கால நகரத்தை, கோடிக்கும் மேலானவர்கள் வாழும் இன்றைய நகரத்தின் மேல் போர்த்தப் பார்த்தது என் பிழை. புத்தகம் என்ன செய்யும்?

அதே ஊரில் இன்னொரு சங்கடம். பாமுக்கின் 'அப்பாவித்தனத்தின் அருங்காட்சியகம்' 2008இல் வந்த நாவல். 2012இல் அதே பெயரில் உண்மையான அருங்காட்சியகத்தையே திறந்துவிட்டார். நாவலில் 83 அத்தியாயங்கள், அங்கே அத்தியாயத்துக்கு ஒன்றாகக் காட்சிப் பெட்டிகள், நாயகி புகைத்ததாகச் சொல்லப்படும் 4,213 சிகரெட் துண்டுகள் ஒரு சுவர் முழுக்க. நாவலின் கடைசி அத்தியாயத்தில் நுழைவுச்சீட்டு அச்சாகியிருக்கிறது. புத்தகத்தைக் கொண்டுபோனால் அதில் முத்திரை குத்தி உள்ளே விடுவார்கள். நான் சுமை குறைக்கிறேன் பேர்வழி என்று மின்னூலாக வாங்கி வைத்திருந்தேன். திரையில் எங்கே குத்துவது? காசு கொடுத்துச் சீட்டு வாங்கினேன். எனக்கு முன்னால் நின்ற பெண்மணி ஓரம் கிழிந்த தடிப்புத்தகத்தை நீட்டி முத்திரை வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்தபோது வந்த பொறாமையை இங்கே எழுத விரும்பவில்லை.

இஸ்தான்புல்லுக்குப் பிறகு இன்னொரு பழக்கம் சேர்ந்தது. போகிற நாட்டில் யாரையாவது தெரிந்திருந்தால், நல்ல புத்தகம் எது என்று கேட்பதில்லை. நல்ல புத்தகம் என்றதும் விருது வாங்கியதைச் சொல்லிவிடுவார்கள். உங்கள் ஊரில் எந்தப் புத்தகத்தைப் பற்றிச் சண்டை வரும் என்று கேட்கிறேன். போஸ்னியாவுக்குப் போக நினைக்கிறவருக்கு எல்லாரும் இவோ ஆந்த்ரிச்சின் 'திரினா நதிப் பாலம்' நாவலைத்தான் நீட்டுவார்கள். 1945இல் வந்தது, ஆசிரியர் 1961இல் நோபல் பெற்றார், விஷெகிராத் நகரில் பதினோரு வளைவுகளோடு அந்தப் பாலம் இன்றும் நிற்கிறது. மாபெரும் நாவல், சந்தேகமில்லை. ஆனால் முஸ்லிம்களை அதில் சித்திரித்த விதத்தைக் கண்டித்துப் போஸ்னிய முஸ்லிம்களில் பலர் நெடுங்காலமாகப் பேசிவருகிறார்கள். 1992இல் அதே பாலத்தின் மேல் முஸ்லிம்கள் கொல்லப்பட்டு ஆற்றில் வீசப்பட்டார்கள். நாவலை மட்டும் படித்துவிட்டுப் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறவருக்கும், இந்தச் சண்டையும் தெரிந்து நிற்கிறவருக்கும் கால் வைக்கிற இடம் ஒன்றாக இருக்காது. நாவலைப் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் மேல் கோபப்படுகிறவர் ஒருவரது கட்டுரையையும் சேர்த்துப் படியுங்கள் என்கிறேன்.

ஒரு நடைமுறை எச்சரிக்கை. படித்துவிட்டு வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டிய புத்தகங்களும் உண்டு. தாய்லாந்தின் மறைந்த மன்னர் பூமிபோலின் வாழ்க்கையை விமர்சனத்தோடு சொல்லும் ஆங்கில நூல் ஒன்று 2006இல் வந்தது. அங்கே அதற்குத் தடை. அதன் பகுதிகளை மொழிபெயர்த்து இணையத்தில் வெளியிட்டதற்காக, தாய்லாந்தில் பிறந்த அமெரிக்கக் குடிமகன் ஒருவருக்கு 2011இல் சிறைத் தண்டனை கிடைத்தது. கருத்துச் சுதந்திரத்துக்கான உங்கள் போராட்டத்தை விமான நிலையச் சோதனையில் தொடங்க வேண்டாம்.

சின்ன நாடுகளின் பாடு வேறு. ஆன் மோர்கன் என்ற ஆங்கில எழுத்தாளர் 2012இல் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒரு புத்தகம் படிப்பது என்று கிளம்பினார். சாவோ டோமே தீவுநாட்டுக்கு ஆங்கிலத்தில் ஒரு புத்தகமும் அகப்படாமல், தன்னார்வலர்கள் போர்த்துகீசியத்திலிருந்து அவருக்காகவே மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள். நமக்கு அப்படி யார் செய்வார்கள்? நாவல் கிடைக்காத நாட்டுக்கு நாட்டுப்புறக் கதை, பள்ளிப் பாடநூல், துப்பறியும் கதை என்று எது கையில் சிக்கினாலும் விடமாட்டேன். அதிலும் துப்பறியும் கதைகளை இலக்கியவாதிகள் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். போலீஸ்காரர் கதவைத் தட்டினால் அந்த ஊரில் மக்கள் எப்படி நடுங்குவார்கள், லஞ்சத்தை எந்தச் சொல்லால் கேட்பார்கள், வாடகை கொடுக்காதவனை என்ன செய்வார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அந்த நாட்டு நாளிதழில் வாசகர் கடிதங்கள் கிடைத்தால் இன்னும் நல்லது. குப்பை அள்ளாததைப் பற்றிய கோபக் கடிதம் ஒன்று போதும், ஊர் எப்படி இயங்குகிறது என்று தெரிந்துவிடும்.

எத்தனை புத்தகம்? என் கணக்கில் போவதற்கு முன் ஒன்று, முடிந்தால் மெல்லிய வரலாற்று நூல் ஒன்றில் பாதி. கூடவே கொண்டுபோகும் புத்தகத்தை நான் அங்கே படித்ததே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். விடுதி அறைக்குத் திரும்பியதும் தூக்கம்தான் வரும். மற்றதெல்லாம் வந்த பிறகு. தெருவின் வாசனை மூக்கில் இருக்கும்போது படிக்கிற புத்தகம் வேறு மாதிரி திறக்கிறது. பாவோ நின்னை நான் போகும் முன்பே படித்திருந்தால் இவ்வளவு ஆழமாக இறங்கியிருக்குமா என்பதுகூடச் சந்தேகம்தான். ஆனால் அந்த விடுதி இளைஞரிடம் அப்படி அசடு வழிந்திருக்க மாட்டேன்.

இதையெல்லாம் சுருக்கி, ஒரே ஒரு நாவலின் பெயரைச் சொல்லி, காலையில் நண்பருக்கு அனுப்பினேன். சற்று முன் பதில் வந்திருக்கிறது: "மிக்க நன்றி. மீதி ஒன்பது?"